நிலைப்படி தாண்டிய வாஷிங் மெஷின்

என் அக்கா பெற்ற அறிவுக்கொழுந்தும் மூலக்கூறுகளை மேய்ப்பவளுமான அன்பு மருமகளுக்கு, உன் தாய்மாமன் நெஞ்சு நிமிர்த்தி எழுதிக்கொள்வது. நான் நலம். உன் அத்தையும் நலந்தான், குரலிலேயே தெரிகிறது.

போனில் நீ அழுதது இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. "மாமா, என் கணக்குல மூலக்கூறு தன்னோட ஆற்றல் மேட்டைச் சீக்கிரமா தாண்டிடுது, சோதனையில அவ்வளவு வேகம் இல்ல. எங்க தப்புன்னே தெரியல. மாசக் கடைசியில சார்கிட்ட சொல்லிட்டு ஆராய்ச்சிய விட்டுடப் போறேன்" என்றாய். விடாதே. எட்டாம் வகுப்பை மூன்று முறை படித்தவன் சொல்கிறேன். அந்த வகுப்பை என் அளவுக்கு ஆழமாகப் படித்தவர் நம் குடும்பத்தில் கிடையாது. நீ சொன்னது முழுக்க எனக்குப் புரிந்தது. மூலக்கூறுக்கு முன்னால் ஒரு மேடு, சுற்றிலும் தண்ணீர். அந்தத் தண்ணீர் கண்டபடி இடித்துத் தள்ளவும் செய்யும், உராய்ந்து பிடித்து நிறுத்தவும் செய்யும். தள்ளுவதும் தடுப்பதும் ஒரே ஆள். உன் அத்தையோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவனுக்கு இது புதுசா?

ஆனாலும் நிரூபித்தால்தானே நம்புவாய்! குளியலறையில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும் வாஷிங் மெஷினைக் கூடத்துக்குக் கொண்டுவரச் சொல்லி அத்தை ரொம்ப நாளாக நச்சரிப்பு. குறுக்கே கட்டைவிரல் உயரத்துக்கு நிலைப்படி. ஒற்றைக் கையால் தூக்கியிருப்பேன், விஞ்ஞானத்துக்காகத் தூக்கவில்லை. இடுப்பு பிடித்திருந்தது வேறு விஷயம். போர்வையை ஒரே பக்கமாகச் சுருட்டிப் போட்டு ஸ்பின்னைத் திருகினேன். குளிர்க்காய்ச்சல் கண்டதுபோல் உதறியது, ஆனால் காலில் ரப்பர், நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. உராய்வு ஜாஸ்தி. சோப்புத் தண்ணீரைக் கொட்டினேன். அவ்வளவுதான், படியில் மோதும், பின்னால் வழுக்கும், சுவரில் இடிக்கும், என் கால்விரலில் ஏறும். உராய்வு பத்தவில்லை. "துணியத்தான் தோய்க்கும்னு பார்த்தா, உங்களையுமா தோய்க்குது?" என்று கதவோரம் நின்று சிரித்தாள் அத்தை. அவள் தோளிலிருந்த ஈரத்துண்டைப் பிடுங்கி மெஷினின் காலடியில் விரித்தேன். பிடிப்பும் உண்டு, வழுக்கலும் உண்டு, அளவாக. எந்த உதறல் எப்போது வரும், யாருக்குத் தெரியும்? திடீரென்று ஒரு பெரிய உதறல், முன்கால் படிமேல். அடுத்ததில் மெஷின் கூடத்தில்! கீழ்வீட்டுக்காரர் கைகொடுக்க ஓடிவந்தார். கையை ஓங்கிக்கொண்டு வந்ததாக அத்தை சொல்வதை நம்பாதே.

ஆக, நீயும் தாண்டுவாய். இத்தனை இடி வாங்குகிறாயே, அதில் ஏதோ ஒன்று உன்னைத் தள்ளிவிடும். மெஷின் கூடத்தில் மிச்சச் சுற்றைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, அந்த இசையில்தான் எழுதுகிறேன். அக்காவையும் அத்தானையும் கேட்டதாகச் சொல். நூறு மேடு தாண்டி நீ நிற்பதைக் கண்ணால் பார்க்கக் காத்திருக்கும்,

உன் மாமன்.

பின்குறிப்பு: மேலே எழுதியதை அப்படியே நம்பிவிடாதே. உறையை ஒட்டும்போது டமாலென்று சத்தம். மெஷின் வந்த வழியே படி தாண்டிக் குளியலறைக்குள் போய்விட்டது, வாளி எடுக்கப் போன அத்தையை உள்ளே வைத்து வாசலை அடைத்துக்கொண்டு. உள்ளேயிருந்து கேட்கிறாள்: "தாண்டிடுச்சு தாண்டிடுச்சுன்னு குதிச்சீங்களே, திரும்பி வந்ததையும் தாண்டின கணக்குலதான் வைப்பீங்களா?" எட்டாம் வகுப்பில் அது வரவில்லை. சாரைப் பார்க்கும் முன், தாண்டிவிட்டுத் திரும்பி வருவதை உன் கணக்கில் எப்படி எண்ணியிருக்கிறாய் என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லம்மா. நீயும் விட்டுவிட்டால் இவளுக்கு யார் பதில் சொல்வது?