சாப்பாட்டுக்கு வராத தியோனாஸ்

தெசலோனிக்கே பட்டணத்தில் மீன் வியாபாரமும் சொந்தப் படகுமாகக் குறைவின்றி வாழும் என் மதிப்பிற்குரிய அத்தான் லியோன்டியோஸ் அவர்களுக்கு, அத்தோஸ் மலை மடத்திலிருந்து தங்கள் மைத்துனனும், பண்டகசாலைப் பொறுப்பாளனும், பெரும் பாவியுமான தியோனாஸ் தெண்டனிட்டு எழுதுவது. அங்கே நீங்களும் அக்காவும் ஆண்டவர் அருளால் சுகமாக இருப்பீர்கள். இங்கே நான் சுகமில்லை. இந்தக் கடிதம் கண்டதும் படகை எடுத்துக்கொண்டு எங்கள் துறைக்கு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடவும். அக்கா கிளம்பினால் தடுத்துவிடவும். பெட்டைக் கோழிக்கே அனுமதியில்லாத மலை இது.

எங்கள் ஜெபம் உங்களுக்குத் தெரியும். தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து, தாடியை நெஞ்சில் அழுத்தி, பார்வையைத் தொப்புள் பக்கம் இறக்கி, மூச்சை மெல்ல இழுத்து, 'இயேசுவே, பாவி என்மேல் இரக்கமாயிரும்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இதில் ஊறியவர்களுக்கு, தாபோர் மலையில் இயேசு ஒளியாய் மாறி நின்றபோது சீடர்கள் கண்ட அதே வெளிச்சம் தெரியுமாம். தலைநகரத்துப் பண்டிதர்கள் இதைக் கேள்விப்பட்டு, 'தொப்புள் சாமியார்கள்' என்று எங்களைக் கேலி செய்ய, இரண்டு பக்கமும் வாய்ச்சண்டை முற்றி, இப்போது சபை கூட்டி விசாரிக்கப் போகிறார்கள். விசாரிக்கட்டும், எனக்கென்ன வந்தது என்று நான் பாட்டுக்கு இருந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் எண்ணெய் ஜாடியும் கொண்டைக்கடலையும்தான்.

போன செவ்வாய்க்கிழமை புது எண்ணெய் வந்து இறங்கியது. கை, முகம், தாடி எல்லாம் எண்ணெய். கழுவச் சோம்பல். ருசி பார்க்கிற சாக்கில் கொஞ்சம் கடலையும் கூடுதலாகவே உள்ளே போயிருந்தது. சரி, ஜெபிக்கலாம் என்று அறைக்குப் போய் உட்கார்ந்து தாடியை நெஞ்சில் வைத்ததுதான் தெரியும். நீங்களே சொல்லுங்க அத்தான், வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு, தலையைக் குனிஞ்சு மூச்சை மெதுவா விட்டா மனுஷனுக்கு வேற என்னதான் வரும்? சாப்பாட்டுக்கு மரப்பலகையைத் தட்டியிருக்கிறார்கள். நான் போகவில்லை. அதுதான் வினையாகிவிட்டது. மடத்தில் சேர்ந்த நாளிலிருந்து அந்தப் பலகைச் சத்தத்துக்கு முதலில் ஓடுகிறவன் நான். "என்னது, தியோனாஸ் சாப்பாட்டுக்கு வரலையா? செத்துகித்துப் போயிட்டானா?" என்று மொத்த மடமும் ஓடிவந்திருக்கிறது. ஜன்னல் வெயில் நேராக என் எண்ணெய் முகத்தில் விழுந்து பளபளக்க, எதிரே மடாதிபதி கெரசிமோஸ் முழங்காலில் நிற்கிறார். நான் தூக்கக் கலக்கத்தில், "ஐயோ, வெளிச்சம்! கண்ணு கூசுதே!" என்றேன். அவ்வளவுதான், போய்க் கோயில் மணியை அடித்துவிட்டார்கள்.

"சாமி, நான் தூங்கிட்டேன்" என்று காலில் விழுந்தேன். "பாத்தீங்களாப்பா, எவ்வளவு தாழ்மை!" என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். "குறட்டையே விட்டேன் சாமி" என்றேன். "அது குறட்டை இல்லப்பா, ஆன்மாவோட பெருமூச்சு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். இனி அவரிடம் என்னத்தைச் சொல்ல! அன்றிலிருந்து மடமே முகத்தில் எண்ணெய் தடவிக்கொண்டு, கடலையை இரண்டு தரம் கேட்டு வாங்கித் தின்றுவிட்டு உட்காருகிறது. ஆன்மாக்களின் பெருமூச்சு துறைவரைக்கும் கேட்கிறது. என் பண்டகசாலை காலி.

சிரிக்காதீங்க அத்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை கப்பலில் என்னைத் தலைநகரத்துக்கு அனுப்புகிறார்கள். சக்கரவர்த்திக்கும் ஆயர்களுக்கும் முன்னால் நற்செய்தி நூலில் கை வைத்து, 'வெளிச்சத்தைக் கண்டேன்' என்று நான் சத்தியம் செய்ய வேண்டுமாம். செய்தால் பொய்ச்சத்தியம், எனக்கு நரகம் நிச்சயம். தூங்கினேன் என்றால் பண்டிதர்கள் கைகொட்டிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு மட்டுமா? பக்கத்து அறை பிலமோனுக்கும்தானே. அவன் வருஷக்கணக்காக உண்மையாகவே ஜெபிக்கிறவன். நேற்று என்னிடம் வந்து, "தியோனாஸ், எனக்கு மட்டும் ஏன்டா தெரியமாட்டேங்குது? நான் என்னடா தப்பு பண்ணினேன்?" என்று அழுதான். எனக்கு நெஞ்சே வெடித்துவிட்டது. ஆகையால் ஞாயிறுக்கு முன்னால் படகு வரவேண்டும். உங்கள் கடையில் மீன் கழுவுகிற வேலை கொடுத்தாலும் போதும்.

உங்கள் வலைகள் கிழியாமலும், அக்காவின் முழங்கால் வலி குறைந்தும், தேவதாய் துணையிருப்பாராக.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்,
தியோனாஸ்

பின்குறிப்பு: காற்று திரும்பாததால் இந்தக் கடிதம் கொண்டுவருகிற படகு இன்னும் துறையிலேயே நிற்கிறது. அதற்குள் காரியம் மாறிவிட்டது. மனசு கேட்காமல் பிலமோனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அடப்பாவி, சுவத்துக்கு அந்தப் பக்கம் நான்தானேடா இருந்தேன்! உன் குறட்டையிலதான் என் ஜெபமே கெட்டுச்சு. சாமியே அதைப் பெருமூச்சுன்னு சொன்னதால, நீ ஏதோ காட்சி கண்டவன்னு நம்பி வாயை மூடிக்கிட்டிருந்தேன்" என்றான். நேரே மடாதிபதியிடம் போய்ச் சாட்சியும் சொல்லிவிட்டான். "எனக்கு மொதல்லயே சந்தேகம்தான்" என்றார் அவர். பயணம் ரத்து. தண்டனையாகச் சமையற்கட்டுக்குப் பின்னால் இருட்டு அறையில் கடலைக்குக் கல் பொறுக்க உட்கார்த்திவிட்டார்கள்.

படகு வேண்டாம் அத்தான். இன்று காலை கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். வாய் சும்மா இராமல் அந்த ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. முகம் கழுவியிருந்தேன். வயிறு காலி. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. விழித்துத்தான் இருந்தேன், கையில் கல் இருந்தது. அறை முழுக்க வெளிச்சம். அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. மடாதிபதிக்குத் தெரிந்தால் மறுபடியும் கப்பல். பிலமோனுக்குத் தெரிந்தால் மறுபடியும் அழுவான். அக்கா கேட்டால், தியோனாஸ் வழக்கம்போலத் தூங்கிவிட்டான் என்று சொல்லிவிடுங்கள்.