ஒரு தட்டு விஷம்

வறுத்த உருளைக்கிழங்குத் தோலில் கடைசித் துண்டை வாயில் போட்டுக் கடித்த பிறகுதான், லிஃப்ட் மெக்கானிக் அந்த டப்பாவின் மூடியைத் திருப்பிப் பார்த்தார்.

'விஷம். தொடாதே!'

மனைவியின் கையெழுத்து. வாயில் இருந்தது தொண்டைக்குள் இறங்காமல் பாதி வழியில் நின்றது, அவர் பழுதுபார்க்கும் லிஃப்டைப் போலவே.

மனைவிக்கு உணவு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. கொஞ்ச நாளாக உருளைக்கிழங்குத் தோலைத்தான் கட்டிக்கொண்டு அழுகிறாள். ஃப்ரிட்ஜில் எதை வைத்தாலும் மாயமாக்கும் மச்சினன் 'எலி' அந்த டப்பாவை மட்டும் விட்டுவைத்திருந்தபோதே இவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பசி யோசிக்க விடவில்லை. எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள். தட்டு காலி.

பழியெல்லாம் தோல் வறுபடும் வாசனைமேல்தான். சின்ன வயதில், கிழங்கை அப்பாவுக்கு எடுத்துவைத்துவிட்டுத் தோலைப் பிள்ளைகளுக்கு வறுத்துக் கொடுப்பாள் அம்மா. ஒரே தட்டு, சுற்றிலும் அண்ணன் தங்கைகளின் கைகள். கருகின ஓரத்துக்கு அடிதடியே நடக்கும். அம்மா போனபின் அவரும் எத்தனையோ தடவை வறுத்துப் பார்த்துவிட்டார். கசக்கும். இன்றைக்கு மட்டும் அதே பழைய ருசி. அடுப்படியில் அம்மா முதுகு காட்டி நிற்பது போலவே இருந்தது.

விஷம் இவ்வளவு ருசியாகவா இருக்கும்?

மனைவிக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, உருளைக்கிழங்குத் தோல்ல ஏதோ விஷம்னு சொன்னியே..."

"நான் வாயத் திறந்தாலே கொட்டாவி விடுவீங்க. இன்னிக்கு என்ன திடீர்னு?"

"சும்மா, பொது அறிவு."

"பச்சை பிடிச்ச தோல்ல ஜாஸ்தி இருக்கும். வாந்தி, வயித்துவலி, தலைசுத்தல் எல்லாம் வரும். ஆனா அதே தோல்லயே..."

மெக்கானிக் போனை வைத்துவிட்டார். தலை அதற்குள் சுற்ற ஆரம்பித்திருந்தது.

உயிர் ஒரு பக்கம் கிடக்கட்டும். நாளைக்கு அவள் பெரிய அதிகாரி முன்னால் சோதனை நடத்திக் காட்ட வேண்டும். 'எங்க வீட்டுக்காரர் வறுத்துத் தின்னுட்டார் சார்' என்று எப்படிச் சொல்வாள்?

கூடையிலிருந்த கிழங்கையெல்லாம் கொட்டிச் சீவினார். டப்பா நிரம்பியது. தின்ற அவசரத்தில் பழைய தோலின் நிறம் ஞாபகமில்லை. அவள் பச்சை என்றாளே! கேக்குக்கு வாங்கிவைத்த பச்சைச் சாயத்தைக் கவிழ்த்தார். தோல் குளத்துப் பாசியானது. கை முழங்கைவரை கிளியானது.

தோல் உரிந்த கிழங்குகள் மலையாகக் குவிந்து அவரைப் பார்த்தன. வாஷிங் மெஷினில் திணித்து மூடினார்.

அப்போது வயிறு கடமுடா என்றது. ஒரு சொம்பு உப்புத்தண்ணீரை மடமடவென்று குடித்தார். அம்மாவின் ருசி மொத்தமும் வாஷ்பேசினோடு போனது. கண்ணில் நீர் வந்தது உப்பினால் மட்டுமல்ல.

மனைவியும் எலியும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். அவள் வேலைக் கோட்டைத் துவைக்கப் போட மெஷினைத் திறந்தாள். கிழங்குகள் உருண்டோடி வந்து அவள் காலடியில் நின்றன.

"என்னங்க இது கூத்து?"

மெக்கானிக் பச்சைக் கைகளைக் கூப்பினார். "உன் ஆராய்ச்சியை வறுத்துத் தின்னுட்டேன். பயந்துபோய் வாந்தியும் எடுத்துட்டேன்."

அவள் கத்தவில்லை. "எப்படி இருந்துச்சு?" என்றாள்.

"அம்மா வறுத்த மாதிரியே. கசப்பே இல்ல."

"எப்படிக் கசக்கும்? விஷம் இருக்கிற தோல்லயேதான் அதை உடைக்கிற நொதியும் இருக்கு. நறுக்கி ஊறவெச்சா அது வேலையைப் பார்க்கும். உங்கம்மாவும் ராத்திரியே நறுக்கி ஊறவெச்சுடுவாங்கன்னு உங்க தங்கச்சி சொன்னா. போன்ல அதைத்தான் சொல்ல வந்தேன், பாதியில வெச்சுட்டீங்க." மூக்கை உறிஞ்சினாள்.

"அப்ப நாளைக்கு உன் சோதனை?"

காலித் தட்டில் ஒட்டியிருந்த துணுக்குகளை விரலால் வழித்து நக்கியபடி எலி சொன்னான்:

"சோதனைத் தோலெல்லாம் லேப்ல பத்திரமா இருக்கு மாமா. இது நாளைக்கு உங்க பிறந்தநாளுக்கு வறுக்கணும்னு அக்கா ஊறவெச்சது. நான் தின்னுடக் கூடாதுன்னுதான் மூடியில விஷம்னு எழுதினா!"