காலனி மாடித் துறைமுகம்

எழுதத் தெரிந்தவர்கள் இத்தனை பேர் இருக்கும்போது நான் பேனாவை எடுத்ததற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். பத்தாவது வரைதான் படித்தேன். இதுவரை நான் எழுதியதிலேயே நீளமானது அம்மாவுக்குப் போடும் இன்லண்ட் கடிதம். அதிலும் கடைசி மடிப்பு காலியாகத்தான் போகும். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஒருவரைப் பற்றி நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப் போவதில்லை. அதனால் சொல்கிறேன்.

ஹைதராபாத்தில் துறைமுகம் கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். தப்பு. இருந்தது. காஞ்சன்பாக்கில், எங்கள் குவார்ட்டர்ஸ் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கும் டி.வி. ஆன்டெனாக்களுக்கும் நடுவில் இருந்தது. கப்பல்தான் வரவில்லை. மற்றபடி ஒரு குறையும் இல்லை.

அந்தத் துறைமுகத்துக்குத் தலைவர், காவல்காரர், வானிலை அதிகாரி எல்லாம் ஒரே ஆள். கூண்டுக்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. கீழ்வீட்டுத் தெலுங்குக்காரர்கள் ‘புட்ட காரு’ என்பார்கள். கூடைக்காரர் என்று அர்த்தம். கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் ‘டோக்ரி சாப்’ என்பார். அதுவும் கூடைதான். மூன்று பாஷைக்காரர்களும் ஒத்துப்போன விஷயம் எங்கள் காலனியில் அது ஒன்றுதான்.

சொந்த ஊர் நாகப்பட்டினம். தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுகிற வேலை. பகலெல்லாம் கூரையை ஒட்டிய கேபினில் உட்கார்ந்து இரும்பைத் தூக்கி இறக்குவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து டீயைக் குடித்ததும், இன்னும் மேலே போக இடம் இருக்கிறதா என்று பார்ப்பவர் மாதிரி மாடிக்கு ஏறிவிடுவார்.

அங்கே ஒரு தண்ணீர்க் குழாயைக் கொடிமரம்போல் நட்டு, உச்சியில் கிணற்று ராட்டினம் ஒன்றைக் கட்டியிருந்தார். கோழியைக் கவிழ்த்து மூடுகிற மூங்கில் கூடைகள் மூன்றுக்குத் தார் பூசிக் கயிற்றில் கோத்திருந்தார். புயல் வந்தால் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்களே, அந்த ஏற்பாடு. துறைமுகத்தில் பதினொன்றாம் எண் வரைக்கும் உண்டு. காலனிக்கு மூன்று போதும் என்று அவரே சுருக்கிக்கொண்டார். ஒன்று ஏறினால் துணி காயலாம், ஆனால் ஒரு கண் மேலே இருக்க வேண்டும். இரண்டு ஏறினால் துணி இறங்க வேண்டும். மூன்று ஏறினால் வடாம், வற்றல், ஊறுகாய் ஜாடி, குழந்தை, மாமியார் எல்லாம் இறங்க வேண்டும்.

கூண்டு ஏற்றியதும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, ரேடியோக் குரலில் அறிக்கை வாசிப்பார்.

“வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியுள்ளது. பலத்த காற்று வீசக்கூடும். மீனவர்கள் யாரும் கடலுக்குள் செல்ல வேண்டாம்.”

நாங்கள் ஃபிட்டர், டர்னர், வெல்டர் குடும்பங்கள். யாரும் போனதில்லை.

கீழேயிருந்து அவர் மனைவியின் குரல் வரும். “ஏங்க, மீனவனைக் காப்பாத்தினது போதும். ரேஷன் கடையை மூடிருவான், போயி மண்ணெண்ணெ வாங்கிட்டு வாங்க!”

நான் கல்யாணமாகி வந்த முதல் வாரம் மாடியில் கறுப்பாக எதுவோ ஏறுவதைப் பார்த்தேன். துக்கத்துக்கு ஏற்றுகிற கறுப்புக் கொடி, யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து, “யாருங்க அத்தை?” என்று மாமியாரிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, “அது ரெண்டாம் நம்பர். ஓடு, துணியை எடு” என்றார். ஓடி எடுத்தேன். அப்புறம் அடித்த வெயிலில் ஈரத்துணியோடு வீட்டுக்குள் நின்றேன்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கடலில் நிஜமாகவே புயல் கிளம்பினால் அவர் வாக்கு தப்பாது. “மச்சிலிப்பட்டினத்துப் பக்கம் கரை ஏறுது, நாளைக்கு நமக்குச் சாரல்” என்பார். சாரல் வரும். அன்றைக்கு ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு, மழையைத் தன் கைக்காசில் வாங்கிக்கொடுத்தவர் மாதிரி காலனியை ஒரு சுற்று வருவார்.

தகராறெல்லாம் பங்குனி, சித்திரையில்தான். அந்த மாதங்களில் ஹைதராபாத் வானத்துக்கு வேளைக்கு ஒரு முகம். காலையில் சிலுசிலுப்பு, மத்தியானம் அனல், சாயங்காலம் புழுதிக்காற்று, அதன் பின்னாலேயே கல்மழை. பொம்பளைகள் வடாம் போடுகிற மாதங்களும் அவைதான்.

ஒரு நாள் கூண்டுக்காரர் எந்தக் கூண்டும் ஏற்றாமல் மாடியில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். இரும்பு மடக்கு நாற்காலி. அவர் வீட்டில் இருந்ததே அப்படி இரண்டு நாற்காலிதான். ஒன்று மாடியில் அவருக்கு, ஒன்று கீழே அரிசி பொறுக்க அவர் மனைவிக்கு. அவரே நிம்மதியாக இருக்கிறாரே என்று நாங்களும் நிம்மதியாக இருந்தோம். திடீரென்று முதுகுப் பக்கமிருந்து வந்தது பாருங்கள் காற்று! ஆலங்கட்டி மழை அடித்ததில் ஜவ்வரிசி வடாம் முழுக்கக் கூழாகி, மழைத்தண்ணீர்க் குழாய் வழியாகக் கீழ்வீட்டு வாசலில் போய் இறங்கியது. அந்த வீட்டுத் தெலுங்கு அம்மாள் மறுநாள் என்னைப் பார்த்து, “உப்பே கொஞ்செம் தக்குவ” என்றார். உப்புதான் கொஞ்சம் குறைவாம்.

அந்த எரிச்சலில் எனக்கே எங்கிருந்தோ தைரியம் வந்துவிட்டது. மாடிக்குப் போனேன்.

“அண்ணே, மழை எப்பவும் பின்பக்கத்துலேர்ந்துதான் வருது. நீங்க கெழக்கயே பாத்துக்கிட்டு இருக்கீங்க. நாக்காலியைத் திருப்பிப் போட்டா என்னண்ணே?”

அந்த வருஷம் வீட்டுக்கு வெளியே நான் பேசிய நீளமான பேச்சு அதுதான். அவர் திடுக்கிட்டுப் பார்த்தார்.

“தங்கச்சி, கடலுக்கு முதுவு காட்டப்படாது. எங்கப்பா சொன்னது.”

“கடலு இங்கேர்ந்து எம்மாந் தூரமாச்சே அண்ணே!”

“தூரத்துல இருந்தா மரியாதை கொறைஞ்சிருமா?”

“அப்ப மேக்கேர்ந்து வர்றது?”

“அது மழையே இல்ல. மரியாதை தெரியாத காத்து. வர்ற வழியில கொஞ்சம் தண்ணியைத் தூக்கிட்டு வருது.”

கீழே இறங்கி வந்துவிட்டேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நாலைந்து வருஷத்தில் எங்கள் பிளாக் பொம்பளைகளுக்குக் கால் பழகிவிட்டது. மூன்றாம் எண் ஏறினால் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. வடாம் துணியின் நாலு மூலைக்கு நாலு பேர், ஒரே தூக்கு, படியில் இறங்கிவிடுவோம். “வராதுன்னு தெரிஞ்சே ஏன் ஓடுறீங்க?” என்று என் வீட்டுக்காரர் ஒரு தடவை கேட்டார். மாமியார் சொன்னார்: “எடுத்தப்புறம் மழை வரலைன்னா அந்தாளைத் திட்டலாம். எடுக்காம நனைஞ்சா யாருடா திட்டு வாங்குறது?”

இப்படி இருக்கும்போதுதான் என் நாத்தனார் சரசுவுக்கு வரன் வந்தது. இதற்கு முன் வந்த இரண்டும் தட்டிப்போய் வீடே சோர்ந்திருந்த சமயம். மாப்பிள்ளை வீட்டார் செகந்திராபாத்தில் தாத்தா காலத்திலிருந்து ரயில்வே வேலை பார்க்கும் தமிழர்கள். தரகர் ஒரே ஓர் எச்சரிக்கை கொடுத்தார்.

“எல்லாரும் தங்கமான மனுசங்க. பையனோட பெரிய அத்தை மட்டும் சகுனம் பாப்பாங்க. தட்டு மாத்துறப்ப தட்டுல ஒரு துளி மழை விழுந்தாப் போதும், எந்திரிச்சிருவாங்க. அவங்க எந்திரிச்சா மொத்த வேனும் எந்திரிச்சிரும்.”

நிச்சயதார்த்தம் சித்திரையில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். காலனி ஹால் தகரக் கூரை; அந்த வெயிலுக்கு உள்ளே போனால் இட்லிதான். மாடியில் வைத்தால் காற்றோட்டம். ஆனால் மழை? மாமனார் நேராகக் கூண்டுக்காரரிடம் போனார்.

“யோவ் கூண்டு, இது விளையாட்டு இல்ல. எம் பொண்ணு வாழ்க்கை. ஞாயித்துக்கிழமை வானம் எப்படிய்யா? நீ சொல்றதுதான். மாடின்னா மாடி, ஹாலுன்னா ஹாலு.”

கூண்டுக்காரர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அவர் சொன்னதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு, திட்டியவர்கள் உண்டு. முன்கூட்டியே வந்து கேட்டவர் அதுவரை ஒருவரும் இல்லை. அன்றிலிருந்து டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துக்கொண்டு மாடியிலேயே கிடந்தார். “சோறு எறங்கலை அவருக்கு. தூக்கத்துல காத்தழுத்தம் காத்தழுத்தம்னு உளறுறாரு” என்று அவர் மனைவி என் மாமியாரிடம் வருத்தப்பட்டார்.

சரசு என் கையைப் பிடித்துக்கொண்டு அழாத குறை. “நக்கோ அண்ணி, வேணாம், நக்கோ! வருஷா வருஷம் வடாம் போனது பத்தாதா? நானும் போகணுமா?”

சனிக்கிழமை காலையில் கூண்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றார். “வங்கக் கடல் தாம்பாளம் மாதிரி கெடக்கு. ஒரு பொட்டுக் காத்து இல்ல. பந்தலே வேணாம், ஜமக்காளம் போதும்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கொடிமரத்தில் கூடைகளை இறக்கிவிட்டு மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். பெரிய அத்தையை ஜமக்காளத்தின் நட்டநடுவில் உட்கார வைத்தோம். நல்ல கனமான உடம்பு. உட்காருவதற்கே இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. கூண்டுக்காரருக்கு முன்வரிசையில் தனி மரியாதை. அவருடைய இரும்பு நாற்காலியிலேயே, கிழக்கைப் பார்த்துக்கொண்டு, கல்யாணத்தையே தான் நடத்துவதுபோல் உட்கார்ந்திருந்தார். கிழக்கே வானம் கண்ணாடி மாதிரி இருந்தது.

“ஹவ், ஆமா சம்பந்தி, நல்ல காத்து இங்க” என்றார் மாப்பிள்ளையின் அப்பா. தட்டைக் கையில் எடுத்தார்கள்.

நான் சர்பத் கொண்டுவரத் திரும்பினேன். மேற்கே ஃபலக்நுமா பக்கம் வானம் அடுப்புக்கரி மாதிரி இருந்தது. அதுவும் நின்றிருக்கவில்லை, வந்துகொண்டிருந்தது.

குனிந்து கூண்டுக்காரர் காதில் சொன்னேன். “அண்ணே, பின்னால பாருங்க.”

“மேக்கா? அது மழை இல்ல தங்கச்சி” என்றார், திரும்பாமலேயே.

மாமனார் எங்கோ சம்பந்தி பக்கத்தில் இருந்தார். அத்தனை ஆண்பிள்ளைகள் நடுவில் கத்திச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வழக்கம்போல் நாக்கு ஒட்டிக்கொண்டது. எனக்குக் குரல்தான் வராது. கயிறு இழுக்க வரும். சர்பத் தட்டைத் தொட்டி மேல் வைத்துவிட்டுக் கொடிமரத்துக்குப் போனேன். ஒரே இழுப்பு. மாவிலைத் தோரணத்தைப் பிய்த்துக்கொண்டு மூன்று கறுப்புக் கூடையும் மேலே போயின.

“மூணாம் நம்பர்!” என்று யாரோ ஒரு பொம்பளை அலறினாள்.

அவ்வளவுதான். யாரும் யோசிக்கவில்லை. பழம், பூ, புடவைத் தட்டுகள் பறந்தன. சரசுவை இரண்டு பேர் தூக்கினார்கள். ஜமக்காளத்தின் நாலு மூலையையும் நாலு பேர் பிடித்தார்கள், ஒரே தூக்கு. நடுவில் பெரிய அத்தை இருக்கிறார் என்பது முதல் மாடிக்கு இறங்கிய பிறகுதான் அவர்களுக்கே தெரிந்தது. சம்பந்தி கையிலிருந்த தாம்பாளத்தை என் மாமியார் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு ஓட, அவர் ஹைதராபாத் பாஷையில் “கைக்கு? ஏன்? கைக்கு?” என்று கேட்டுக்கொண்டே பின்னால் ஓடினார். கடைசி ஆள் படியில் கால் வைக்கவும் ஆலங்கட்டி விழவும் சரியாக இருந்தது.

கடைசி ஆள் என்று சொல்லக் கூடாது. கூண்டுக்காரர் மேலேதான் இருந்தார். சத்தம் கேட்டுத் திரும்பியவர் கூண்டு ஏறியிருப்பதைப் பார்த்திருக்கிறார். கூண்டு ஏறினால் அறிக்கை வாசிக்க வேண்டும், அது முறை. கொட்டுகிற கல்மழையில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் வாசித்தது எங்களுக்கெல்லாம் படிக்கட்டில் கேட்டது. “மீனவர்கள் யாரும் கடலுக்குள்…”

பிறகு நாற்காலியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, சொட்டச் சொட்ட இறங்கி வந்தார். படிக்கு ஒருவராக எல்லோரும் நின்றிருந்தோம்.

“மூணாம் நம்பர் யாரு ஏத்தினது?”

நான் தரையைப் பார்த்துக்கொண்டு, “நாந்தாண்ணே” என்றேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டார். “கயித்தை இறுக்கிக் கட்டினியா? காத்துல கூடை போயிரப் போவுது.”

“கட்டிட்டேண்ணே.”

“சரி” என்றார். யார் முகத்தையும் பார்க்காமல் எல்லோரையும் தாண்டிக் கீழே போய்க் கடைசிப் படியில் நின்றுகொண்டார்.

இப்போது எல்லோரும் பெரிய அத்தையைப் பார்த்தோம். ஜமக்காளத்துக்குள்ளிருந்து தலையை நீட்டி, மாமியார் கையிலிருந்த தாம்பாளத்தை வாங்கிப் பார்த்தார். வெற்றிலையைத் தடவிப் பார்த்தார்.

“ஒரு துளி விழலை” என்றார். “எங்க வீட்டுல கைகொடுத்துத் தூக்கவே யோசிப்பானுங்க. இங்க பல்லக்குல வெச்சுத் தூக்குறாங்க. கைக்கு நிக்கிறீங்க? மாத்துங்க தட்டை!”

மேல்படியில் அவர்கள், கீழ்ப்படியில் நாங்கள். நடுப்படியில் தட்டு மாறியது. சரசு இன்றைக்கும் செகந்திராபாத்தில் நன்றாக இருக்கிறாள்.

மறுநாள் திங்கட்கிழமை, வெயில் அடித்தது. வடாம் போட மாடிக்குப் போனேன். கூடைகள் இறங்கியிருந்தன. கூண்டுக்காரரின் நாற்காலி வழக்கம்போல் கிழக்கே பார்த்துக் கிடந்தது. அதன் முதுகோடு முதுகாக, மேற்கே பார்த்து, அவர் வீட்டு இன்னொரு நாற்காலி போட்டிருந்தது. நான் ஏறி வரும்போது கீழே அவர் மனைவி தரையில் உட்கார்ந்து அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அன்றைக்கு மழை வரவில்லை.