பக்கத்து மாடித் தக்காளி

தன் தக்காளிச் செடி வாடியதில் ஜலாலுதீனுக்குப் பெரிய வருத்தமில்லை. பக்கத்து மாடிச் செடி வாடவில்லையே என்பதுதான் வருத்தம்.

அவருடைய மொட்டை மாடியில் பத்துப் பைகள். பத்திலும் இலையோரம் பீடியால் சுட்டது போலக் கருகியிருந்தது. கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம், மீன் ஏலம் விடும் இருசப்பன் வீட்டு மாடியிலும் பத்துப் பைகள்தான். அங்கே கொத்துக் கொத்தாகப் பழம். ஒரு செடி பாரம் தாங்காமல் குச்சியில் சாய்ந்துகொண்டு, வேண்டுமென்றே இவர் பக்கமாகப் பார்த்து நின்றது.

"அதே வெயிலு, அதே உப்புக் காத்து. அவனுக்கு மட்டும் எப்பிடி?" என்று பல்லைக் கடித்தார் ஜலாலுதீன்.

அவருக்குப் புதுப்பட்டினம் பஜாரில் செருப்புக் கடை. அவர் லேசில் பொறாமைப்படுகிறவர் இல்லை. எதிர்க்கடைக்காரர் ஏசி வைத்தபோதுகூட அவருக்கு இரண்டே நாள்தான் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் இந்தத் தக்காளி விவகாரம் இரண்டு மாதமாக நெஞ்சுக்குள் நின்றுகொண்டிருந்தது.

மனைவி அமீனா பீவி ஒரு தட்டு நிறையப் பழங்களோடு படியேறி வந்தாள்.

"பக்கத்து மாடில பறிச்சது. தோலு இன்னா மினுமினுப்பு பாருங்க! இத்த வளத்த கைக்குத் தங்க வளையலே போடலாம்."

"இருசப்பனுக்கு எதுக்கு வளையலு?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேங்க" என்று அவள் தட்டை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

கல்யாணமாகி முப்பது வருடம். அவர் கையைப் பற்றி அவள் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஜலாலுதீனுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. தன் செடியில் காய்த்த ஒரு தக்காளியைப் பார்த்து அவள் 'மாஷா அல்லாஹ்' சொல்ல வேண்டும். ஒரே ஒரு தடவை போதும். அதற்காகக் கடையைப் பூட்டிப்போட்டாலும் பரவாயில்லை.

"நீங்க தேங்கா நார்த்தூள அலசாமப் போட்டுட்டீங்க" என்றாள் அமீனா. "அதுல உப்பு கீது. நாலு தண்ணி மாத்தி அலசணும்."

"உனக்கு இன்னா தெரியும்? இது இன்னா பிரியாணி அரிசியா, அலசிப் போடறதுக்கு? நீ செடிப் பக்கமே வராத. ஒரு தபா தொட்டே, ஒரு செடி வாடிப்போச்சு."

அது அவள் தொடுவதற்கு முன்பே வாடிய செடி. அமீனா தட்டைத் தூக்கிக்கொண்டு கீழே போய்விட்டாள்.

மறுநாள் கடைக்கு வந்த லக்ஷ்மிநாராயணனிடம் ஜலாலுதீன் யோசனை கேட்டார். ஓய்வு பெற்ற விஞ்ஞானி. செருப்பில் ஒரு காலை நுழைத்தபடியே அவர் விளக்கினார்.

"செம்மண்ணும் மண்புழு உரமும் சம பங்கு எடுத்துக்கோங்கோ பாய். பைக்கு ஒரே ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. நன்னாக் கலந்து, தண்ணி தெளிச்சு, நிழல்ல பதினஞ்சு நாள் வெச்சுடணும். அப்புறம்தான் நடணும்."

"பதினஞ்சு நாளா? பக்கத்து மாடில பழம் பறிச்சிகினு கீறாங்க சார்!"

லக்ஷ்மிநாராயணன் செருப்பு கடிக்கிறது என்று சொல்லிவிட்டு வாங்காமலே போனார்.

ஒரு கைப்பிடிக்கே காய்க்கும் என்றால் ஐந்து கைப்பிடிக்கு இருசப்பன் காலி என்று ஜலாலுதீன் முடிவு செய்தார். அன்று சாயங்காலமே பத்துச் செடிகளையும் பிடுங்கி, பச்சைப் புண்ணாக்கை அள்ளிக் கொட்டிக் கலந்து, திரும்ப நட்டுத் தண்ணீர் ஊற்றினார். மூன்றாம் நாள் மண்ணுக்குள் விரலை விட்டவர் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். உள்ளே வெந்துகொண்டிருந்தது. அன்றே ஐந்து செடிகள் தலை சாய்ந்தன.

"அவன் திருட்டுத்தனமா இன்னாவோ போடறான்" என்றார் சாப்பிடும்போது. "ஒரு நாளாவது அவன மாடில பாத்துக்கீறேனா? நான் கடைக்குப் போற நேரம் பாத்துத்தான் வேலையே நடக்குது."

"நீங்க கீறப்போ யாருங்க வருவாங்க?" என்றாள் அமீனா. "ஒடனே எட்டிப் பாத்து இன்னா போடறே, ஏது போடறேன்னு கேப்பீங்களே."

மறுநாள் காலை ஜலாலுதீன் கைப்பிடிச் சுவர் மேல் வயிற்றை வைத்து, அந்தப் பக்கம் தலையை நீட்டி ஆழமாக மூச்சிழுத்தார். மீன் வாடை. மீன்காரர் வீட்டில் மீன் வாடை அடிக்காமல் அத்தர் வாடையா அடிக்கும்? ஆனால் பொறாமைக்காரனின் மூக்கு அவன் நினைத்ததைத்தான் மோப்பம் பிடிக்கும்.

"அமீனா! மீனு! மீனு போடறான்!"

"மீன்கழிவையும் வெல்லத்தையும் ஒண்ணாப் போட்டு மூடி வெப்பாங்க. ஒரு மாசம் ஊறின பொறவு, ஒரு குடம் தண்ணிக்கு ரெண்டு மூணு ஸ்பூனு வுட்டு..."

"ஒரு மாசமா? அதுக்குள்ள அவன் ரெண்டாவது பறிப்பு பறிச்சிருவான்."

கடற்கரையில் மீன் கேட்டால் ஒரு மணி நேரத்தில் இருசப்பன் காதுக்குப் போய்விடும். அதனால் ஜலாலுதீன் வண்டியை எடுத்துக்கொண்டு செய்யூர் வரை போனார். அங்கே நெத்திலிக் கருவாட்டைப் பார்த்ததும் அவருக்கு மூளை வேலை செய்தது. கருவாடு ஏற்கெனவே வெயிலில் கிடந்து காத்திருந்த மீன். அதற்கு எதற்கு இன்னொரு மாதம்?

இரண்டு கிலோ வாங்கி வந்து அமீனாவின் மிக்ஸியிலேயே பொடியாக்கி, அன்று ராத்திரியே பைகளில் கொட்டிக் கலந்தார். கருவாட்டில் பாதி உப்பு என்பது புதுப்பட்டினத்தில் எல்லோருக்கும் தெரியும். ஜலாலுதீனுக்கும் தெரியும். பழம் பழுத்த மாதிரியே கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்ததால் உப்பு நினைவுக்கு வரவில்லை. அமீனா மூக்கைப் பொத்திக்கொண்டு மிக்ஸியை மட்டும் பார்த்தாள்.

விடிந்து மாடிக்குப் போனால் பதினொரு பூனைகள்.

பஜார் பூனைகள் மொத்தமும் வந்திருந்தன. பைகளையெல்லாம் தோண்டி மண்ணை இறைத்திருந்தன. ஒரு பூனை பைக்குள்ளேயே சுருண்டு, செடியைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த ஐந்து செடிகளில் ஒன்றில் கோலிக்குண்டு அளவு ஒரு காய் விட்டிருந்தது. கண்பட்டுவிடும் என்று கைக்குட்டை போட்டு மறைத்து வைத்திருந்தார். அதை ஒரு குட்டிப் பூனை உருட்டிக்கொண்டே போய் மழைநீர்க் குழாய்க்குள் தள்ளிவிட்டது.

ஜலாலுதீன் கவிழ்த்து வைத்த வாளி மேல் உட்கார்ந்தார். அவருக்கு அழுகை வந்தது. செடி போனால் போகிறது. தன் வீட்டுக்காரி வாயிலிருந்து வருகிற பாராட்டை இன்னொருத்தன் தினமும் வாங்கிக்கொண்டிருக்கிறானே, அதுதான் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் மானத்தை மூட்டை கட்டி வைத்தார். கடையிலிருந்த செருப்பிலேயே நல்ல ஜோடி ஒன்றைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். இருசப்பன் ஏலம் முடிந்து வந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி பூவாயி இன்னும் இரண்டு இட்லியை அவர் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"வா பாய். ஒக்காரு, நாஸ்தா துண்ணு."

"வேணாம் இருசப்பா. மொதல்ல இந்தச் செருப்பக் கால்ல போட்டுக்கோ. இனிமே நீதான் எனக்கு வாத்தியாரு."

இருசப்பனுக்கு இட்லி தொண்டையில் நின்றது. "இன்னா பாய், ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ரெண்டு மாசமா ஒன்னப் பாத்து எனக்கு வயிறு எரியுது. ஒத்துக்கறேன். தெனம் என் பொஞ்சாதி ஒன் தக்காளியத்தான் புகழ்ந்துகினு கீறா. ராத்திரி தூக்கம் இல்ல. மண்ணுல இன்னா கலக்குற, எத்தினி நாள் வெக்குற, எல்லாத்தையும் சொல்லிக் குடு. அவ வாயால நானும் ஒரு தபா நல்ல பேரு வாங்கணும்."

இருசப்பன் செருப்புப் பெட்டியைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். "நானா? முட்டி வலில நான் மாடி ஏறியே ஆறு மாசமாச்சு பாய்."

ஜலாலுதீன் திரும்பி, "அப்ப நீயாம்மா?" என்று பூவாயியிடம் கேட்டார்.

பூவாயி சிரிப்பை அடக்கிக்கொண்டு பெட்டியை மூடி அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"இத்தக் கடைல வெச்சிட்டு லேடீஸ் செருப்பு ஒண்ணு எடுத்துகினு ஒங்க வூட்டுக்கே போங்கண்ணா, நீங்க தொட வுடமாட்றீங்கன்னு தெனம் எங்க மாடிக்கு வந்து மண்ணு கலக்கறது அமீனாக்காதான்."