ரெண்டு பக்கமும் கேட்கும் அண்ணன்

துணைக்கு வருகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. கூப்பிடவே வேண்டாம், வந்துவிடுவார்கள். பிழைக்க வந்த இடத்தின் மொழி வாயில் நுழையாமல் திண்டாடும் குடும்பங்கள் எங்கே இருக்கின்றனவோ, அங்கே இந்த இனம் கொழுத்து வளரும்.

நம் அண்ணனையே எடுத்துக்கொள்ளுங்களேன். வந்து இருபது வருஷம் ஆகிறது. சட்டைப் பையில் இரண்டு பேனா, அக்குளில் ஒரு காலி ஃபைல். ஆஸ்பத்திரியோ பள்ளிக்கூடமோ விசா ஆபீஸோ, யாருக்குக் காரியம் என்றாலும் முன் நாற்காலியில் அவர்தான் உட்காருவார். காரியத்துக்கு உரியவர் பின்னால் ஒடுங்கிக்கொள்ள வேண்டியது. “எதுலயும் ரெண்டு பக்கமும் கேக்கணும்ல?” என்று நாளைக்கு நாற்பது தடவை சொல்வார். இதுவரை அவர் கேட்டதெல்லாம் புருஷன்மார் பக்கம் மட்டும்தான். இன்னொரு பக்கத்துக்கு நேரம் வாய்க்கவில்லை, பாவம்.

அன்றைக்குக் கீழ்வீட்டுப் பெண்ணை இலவசச் சட்ட உதவி மையத்துக்குக் காரில் கூட்டிப் போனார். வழியெல்லாம் உபதேசம்.

“புகார் கிகார்னு போனா உன் விசாவே போயிடும் தங்கச்சி, பார்த்துக்க.”

யார் சொன்னது? அண்ணன் சொன்னார். அண்ணனுக்கு யார் சொன்னது? அதெல்லாம் கேட்கக் கூடாது.

வக்கீலம்மா மேஜையில் ஒரு நீளமான படிவம், பக்கத்தில் குழந்தைகளுக்கென்று நாலைந்து க்ரேயான். என்ன நடந்தது என்று கேட்டார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு தமிழில் சொல்லத் தொடங்கினாள்.

“பாப்பா பார்க்கப் பார்க்க என் கழுத்தை நெரிச்சாரு அண்ணே. இது மூணாவது தடவை. வாடகை அக்ரிமெண்ட் அவர் பேர்ல இருக்கு. வெள்ளிக்கிழமை காலி பண்றோம்னு வீட்டு ஓனர்கிட்ட சொல்லிட்டாரு. அவர் சிநேகிதர் வீட்டுக்குப் போயிடுவாராம். நானும் பாப்பாவும் எங்க வேணா போகலாமாம். எங்கண்ணே போவேன்?”

ஐந்து நிமிஷம் பேசினாள். நடுவில் இரண்டு தடவை அழுதாள். அண்ணன் தொண்டையைச் செருமி, பேனாவைத் திருகி, அந்த ஊர் மொழியில் அழகாகச் சொன்னார்:

“கணவன் மனைவிக்குள் சின்ன மனவருத்தம். வீடு விஷயமாகவும் ஒரு யோசனை கேட்க வந்தோம்.”

இவ்வளவுதான்! கழுத்து எங்கே? வெள்ளிக்கிழமை எங்கே? மானம் மரியாதை என்று எல்லாவற்றையும் மென்று விழுங்கிவிட்டு, ஏப்பம்கூட விடாமல் உட்கார்ந்திருந்தார் மனுஷர்.

வக்கீலம்மா எழுதுவதை நிறுத்தினார். “அவர் ஐந்து நிமிஷம் பேசினார். நீங்கள் இரண்டு வரி சொன்னீர்கள். மீதி என்ன ஆயிற்று?”

“மீதியெல்லாம் அழுகைதான் மேடம்.”

வக்கீலம்மா கதவைத் திறந்து, வெளியே இருந்த நாற்காலிகளைக் காட்டினார். அண்ணன் எழுந்து போனார். கதவு சரியாகச் சாத்தவில்லை. உள்ளே போனிலிருந்து, முன்பின் அறியாத ஒரு மொழிபெயர்ப்பாளர் பெண்ணின் குரல் தமிழில் பேசுவது கேட்டது.

“சொல்லுங்கம்மா. நீங்க சொல்றதை அப்படியே சொல்வேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.”

‘நான் என்னத்தைக் குறைச்சேன்?’ அண்ணனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உடனே புருஷனுக்குப் போன் போட்டார். “தம்பி, ஒரு மரியாதைக்குச் சொல்றேன். உன் சம்சாரம் இங்க சட்ட உதவி ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கு. நீ பதறாத, நான் பேசிக்கறேன்.”

அவர் போனை வைத்தபோது உள்ளே குரல் கேட்டது. “புகார் கொடுத்தா விசா போயிடும்னு உங்ககிட்ட யாருங்க சொன்னது? வக்கீல் கேக்கறாங்க.”

அண்ணன் எதிர்ச் சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியின் விதிமுறைகளை ஊன்றிப் படிக்கலானார்.

முக்கால் மணி நேரம் கழித்து அவள் வெளியே வந்தாள். கையில் நாளைக் காலை கோர்ட்டில் கொடுக்க வேண்டிய மனு: அவளும் பாப்பாவும் வீட்டிலேயே இருக்க வேண்டும், அவன் வெளியேற வேண்டும். அவளுடைய செல்போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. திரையில் புருஷன் நம்பர்.

“நான் இங்க இருக்கேன்னு அவருக்கு யாருண்ணே சொன்னது?”

“அது வந்து தங்கச்சி, ரெண்டு பக்கமும்...”

அவள் முழுக்கக் கேட்கவில்லை. வக்கீலம்மா வரவழைத்த டாக்ஸியில் ஏறினாள். பள்ளிக்கூடத்தில் பாப்பாவை அவனுக்கு முன்னால் போய்க் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அண்ணன் இன்னும் வெளியேதான் உட்கார்ந்திருக்கிறார். இதைப் படித்துக்கொண்டு வரும்போது, ‘அந்தப் புருஷன் பக்கம் என்னன்னு தெரியலையே’ என்று உங்களுக்கு ஒரு தரமாவது தோன்றியதா? தோன்றியிருந்தால் கூச்சப்படாதீர்கள். அண்ணன் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. போய் உட்காருங்கள்.