சந்தனப் பொட்டு வைத்த கிரெடிட் கார்டு

படித்த பெண் ஏமாறுவதற்கு வேறு யாரும் தேவையில்லை. அவளுடைய படிப்பே போதும். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கோயமுத்தூர் கணபதியில் ஒரு பவுண்டரியில் மணல் அச்சு எடுக்கும் மோல்டிங் வேலை. சம்பளப் பட்டியலில் இடது கைப் பெருவிரலை அழுத்திவிட்டு வருவார். அம்மா அதற்கும் கூச்சப்படுவார். அதனால் ரேஷன் கார்டு முதல் கரண்ட் ஆபீஸ் மனுவரை வீட்டில் எல்லாவற்றுக்கும் என் கையெழுத்துத்தான். (கீழே இரண்டு கோடு, நடுவில் ஒரு புள்ளி. கலெக்டர்கூட அவ்வளவு மெனக்கெட மாட்டார்.)

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஒரு பம்ப் கம்பெனியில் டைப்பிஸ்ட். பம்பாயில் ஒரு சேட்டைப் பார்த்துப் பேசி, நல்ல ஹோட்டலில் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, எங்கள் பம்புக்கு டீலராக்க வேண்டியிருந்தது. வழக்கமாகப் போகிற மேனேஜர் காலை உடைத்துக்கொண்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"இந்த ஒரு தடவை போய் முடிச்சுட்டு வாங்க அம்மணி. முடிஞ்சா இனி வெளியூர் வேலையெல்லாம் உங்களுக்குத்தான். இல்லீன்னா மறுபடி டைப் மிஷினே கதி."

அப்பா அதற்கு மேல் ஒரு நிபந்தனை போட்டார். போன இடத்தில் தடுமாறி நின்றேன் என்று தெரிந்தால், அதற்கப்புறம் தனியாக ஊர் தாண்டும் பேச்சையே எடுக்கக் கூடாது. சரி என்றேன். தடுமாறுவதா, நானா?

செலவுக்குக் கம்பெனி ஒரு கிரெடிட் கார்டு வாங்கிக் கொடுத்திருந்தது. அதன் பின்பக்க வெள்ளைப் பட்டையில், வீட்டில் எல்லோரும் பார்க்க, இரண்டு கோடும் புள்ளியுமாகக் கையெழுத்துப் போட்டேன். அப்பா மஞ்சப்பையில் கொஞ்சம் பணத்தைச் சுருட்டிக் கொண்டுவந்து நீட்டினார். நான் அவருக்கு ஒரு பாடமே நடத்தினேன். இனிமேல் பணத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்கள்தான் விவரம் இல்லாதவர்கள், உலகமே இந்த அட்டையில் அடங்கிவிட்டது என்றெல்லாம் சொன்னேன். அப்பா மஞ்சப்பையை மறுபடியும் மடித்து வைத்துக்கொண்டார்.

ரயில் ஈரோடு தாண்டிய பிறகுதான் கார்டை எடுத்துப் பார்த்தேன். நான் குளிக்கப் போன நேரத்தில் அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துப் பூஜை போட்டிருக்கிறார். புது சைக்கிள், புது மிக்சி, புதிதாக எது வந்தாலும் எங்கள் வீட்டில் சந்தனமும் குங்குமமும் உண்டு. கார்டுக்கும் முன்னால் மூன்று பொட்டு, பின்னால் மூன்று பொட்டு. பின்னால் வைத்தது சரியாக வெள்ளைப் பட்டையின் மேல்.

எனக்கு மானம் போனது போல் இருந்தது. பம்பாய் ஹோட்டல்காரன் இதைப் பார்த்தால் என்ன நினைப்பான்? ரயில் குழாயடியில் நின்று, கைக்குட்டையில் சோப்பைப் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தேன். சந்தனம் போயிற்று. கூடவே பாதிக் கையெழுத்தும் போயிற்று. பட்டைக்கு அடியிலிருந்து ஏதோ எழுத்துகள் அரைகுறையாக மேலே வந்தன. (ரூபாய் நோட்டில் இருப்பது போல உள்ளே ஏதோ முத்திரை வைத்திருக்கிறார்கள், உசத்தியான கார்டு என்று நினைத்துக்கொண்டேன்.) அதன் மேலேயே முன்பைவிட அழகாக ஒரு கையெழுத்துப் போட்டேன்.

பம்பாயில் சேட் அமைதியாகச் சாப்பிட்டார். அறுபது வயது இருக்கும். நான் ஒரு வார்த்தை தமிழ் கலக்காமல் இங்கிலீஷில் பொரிந்து தள்ளினேன். பில் வந்ததும், கை கழுவப் போகிற மாதிரி அலட்சியமாகக் கவுண்டருக்குப் போய்க் கார்டை நீட்டினேன்.

கேஷியர் கார்டைத் திருப்பினான். வெளிச்சத்தில் பிடித்தான். என்னைப் பார்த்தான். மறுபடியும் கார்டைப் பார்த்தான். பட்டையைச் சுரண்டினால் 'செல்லாது' என்ற வார்த்தை தெரிகிற மாதிரி அச்சடித்திருப்பார்களாம். நான் உசத்தி முத்திரை என்று நினைத்தது அதைத்தான். பேங்குக்குப் போன் போட்டான். என் பெயர், அம்மா பெயர், பிறந்த தேதி எல்லாம் கேட்டார்கள், எல்லாம் சரியாகச் சொன்னேன். கடைசியில் தீர்ப்பு வந்தது. நான் நானேதானாம், ஆனால் கார்டு செல்லாதாம். வெட்டிவிடச் சொன்னார்களாம்.

கத்தரிக்கோலை எடுத்து, என் கண் முன்னால், ஹோட்டலில் இருந்த அத்தனை பேர் முன்னாலும், கார்டை இரண்டாக வெட்டினான்.

என் கைப்பையில் ஊர் திரும்பும் டிக்கெட்டும் டீ குடிக்கச் சில்லறையும்தான் இருந்தன. டைப் மிஷின் கண்ணுக்குத் தெரிந்தது, மஞ்சப்பையும் தெரிந்தது. கெடுதல் செய்தவர்கள் பேரைச் சொல்லி ஆனைமலை மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசுவது எங்கள் பக்கத்து வழக்கம். "மாசாணியம்மா, ஊருக்கு வந்ததும் இவன் பேருக்குத்தான் மொளகா அரைக்கப் போறேன், பாத்துக்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தேன்.

"வேண்டாமுங்க அம்மணி" என்றது ஒரு குரல் பின்னாலிருந்து. "பாவம், அந்தப் பையன் மேல தப்பில்லீங்க."

சேட்டேதான். பஞ்சு வியாபாரத்துக்காகக் கோயமுத்தூரில் ஒன்பது வருஷம் இருந்தவராம். நான் இவ்வளவு நேரம் மூச்சு முட்ட இங்கிலீஷ் பேசியதை மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். வேறு வழியில்லாமல் சந்தனத்தில் தொடங்கிச் சோப்புவரை எல்லாவற்றையும் சொன்னேன்.

"பொட்டு வெச்சது தப்பேயில்லீங்க" என்றார். "நாங்களும் தீபாவளிக்குக் கணக்கு நோட்டுக்குப் பூசை போடுவோமுங்க. ஆனா நோட்டைச் சோப்புப் போட்டுக் கழுவ மாட்டோம் பாருங்க."

சொல்லிக்கொண்டே பர்ஸை எடுத்தார். நான் குறுக்கே கையை நீட்டினேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததென்று இன்றும் தெரியவில்லை.

"விருந்தாளி காசு குடுக்கக் கூடாதுங்க. எங்க டீலர் வேணும்னா கம்பெனி சார்புல குடுக்கலாமுங்க." பையிலிருந்து ஒப்பந்தப் பத்திரத்தை எடுத்துக் கவுண்டர் மேல் விரித்தேன்.

சேட் என்னையும் பத்திரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கேஷியரின் பேனாவையே வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பில்லுக்குப் பணம் கொடுத்தார்.

பத்திரத்தைப் பார்த்த முதலாளி அதற்குப் பிறகு வெளியூருக்கு என்னைத்தான் அனுப்பினார். வீட்டில் மறைக்கத்தான் நினைத்தேன். வெட்டுப்பட்ட இரண்டு துண்டும் பையிலிருந்து கீழே விழுந்து காட்டிக் கொடுத்துவிட்டன. நடந்ததைச் சொன்னேன். நிபந்தனையை எடுப்பாரோ என்று பயந்துகொண்டே அப்பாவைப் பார்த்தேன். அவர் துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முப்பது வருசமா நான் வெச்ச கைநாட்டு ஒண்ணாச்சும் அழிஞ்சிருக்குதா கண்ணு?" என்றார். பிறகு, அடுத்த பயணம் எப்போது என்று கேட்டார்.

அந்த இரண்டு துண்டுகளும் இப்போது அம்மாவின் சாமி அலமாரியில் இருக்கின்றன. ஆயுத பூஜைதோறும் சந்தனம், குங்குமம் எல்லாம் உண்டு. நான் வெளியூருக்குக் கிளம்பும்போதெல்லாம் அப்பா மஞ்சப்பையை நீட்டுவார், நானும் வாய் பேசாமல் வாங்கிக்கொள்வேன். போதாததற்கு வாசல்வரை வந்து, பெருவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்.