மீதி மூன்று

"மறுபடியும் ஆயிரத்து எண்பத்தாறுதான்" என்றார் மீதி சார், யாரிடம் சொல்கிறோம் என்றே தெரியாமல்.

எண்ணும் அறையில் அவரையும் மேஜை நிறைய நின்ற சிவப்பு மெழுகுவர்த்திகளையும் தவிர வேறு யாரும் இல்லை. முதல் தடவை எண்ணியபோது நடுவில் தும்மல் வந்தது, அதில் ஏதோ விட்டுப்போயிருக்கும் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார். இரண்டாம் தடவை தும்மலும் வரவில்லை, சமாதானமும் கிடைக்கவில்லை.

அந்த மெழுகுவர்த்திப் பட்டறையில் பேக்கிங் பகுதிக்கு அவர்தான் பொறுப்பு. அங்கே வட்டமான டின்னில்தான் அடைப்பார்கள். நடுவில் ஒன்று, அதைச் சுற்றி ஆறு, அதையும் சுற்றிப் பன்னிரண்டு. ஆக மொத்தம் பத்தொன்பது. பதினெட்டு வைத்தால் கடகடவென்று ஆடும். இருபதாவது தலைகீழாக நின்றாலும் உள்ளே நுழையாது.

அதனால் மீதி சாரின் வாழ்க்கையே பத்தொன்பதைச் சுற்றி அமைந்துவிட்டது. ஓர் எண் பத்தொன்பதால் மீதியில்லாமல் வகுபடுமா என்று பார்க்க அவரிடம் ஒரு வழி இருந்தது. கடைசி இலக்கத்தை இரட்டிப்பார், மிச்சமிருக்கும் எண்ணோடு கூட்டுவார். வந்த எண்ணையும் அப்படியே செய்வார். கடைசியில் பத்தொன்பது வந்து நின்றால் முகம் மலர்ந்துவிடும். போகிற வருகிற வண்டிகளின் நம்பரையெல்லாம் இப்படிச் சோதித்துக்கொண்டே நடந்து இரண்டு தடவை கம்பத்தில் முட்டிக்கொண்டவர். மனைவி புது போன் வாங்கியபோது அந்த நம்பர் வகுபடவில்லை என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "என்னை அழைக்கத்தானே நம்பர், என்னைப் பங்கு போடவா போறீங்க?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

இந்தப் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. பத்து வருஷத்துக்கு முன்னால், எந்த டின்னிலும் அடங்காமல் மிஞ்சிய நாலு பச்சை மெழுகுவர்த்திகள் மறுநாள் வெள்ளைச் சரக்கில் கலந்து போய்விட்டன. வாங்கியவர் ஒரு வண்டிச் சரக்கையும் அப்படியே திருப்பி அனுப்பினார். முதலாளியம்மா வேலை நீக்கக் கடிதத்தைப் பாதி எழுதி, என்ன நினைத்தாரோ, கிழித்துப் போட்டார். "நாலு மணிக்கு வேன் கிளம்பும்போது அந்த அறையில ஒரு உதிரி இருக்கக் கூடாது. இருந்துச்சுன்னா அந்தக் கடிதத்த முழுசா எழுதிடுவேன்" என்று மட்டும் சொன்னார். அந்தக் காகிதத் துண்டுகளுக்கு மீதி சார் இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறார்.

அன்றைக்கே அவர் இரண்டு விதிகள் போட்டார். எண்ணிய மெழுகுவர்த்தி ஒவ்வொன்றும் டின்னுக்குள் போக வேண்டும், இல்லையென்றால் காரணத்தோடு கழிவு நோட்டில் ஏற வேண்டும். இது முதல் விதி. எண்ணிக்கை மீதியில்லாமல் வகுபடுகிற நாளில் பேக்கிங் பகுதி முழுக்க மூன்று மணிக்கே வீட்டுக்குப் போகலாம் என்பது இரண்டாவது.

அதற்கடுத்த வருஷம்தான் எண்ணுகிற அக்கா வேலைக்கு வந்தார். எட்டு வயதுப் பெண்ணைத் தனியாக வளர்த்துக்கொண்டிருந்தவர். காலையில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணுவார். ஒன்றரை மணிக்கு மாடியில் இருக்கும் மீதி சாருக்கு எண்ணிக்கைச் சீட்டு வந்துவிடும். அவர் இரட்டிப்பார், கூட்டுவார், பத்தொன்பது வந்து நிற்கும். மறுநாளும் நிற்கும். அதற்கு மறுநாளும். ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூடப் பிசகியதில்லை.

இப்படியும் ஒரு மனுஷி உண்டா என்று மீதி சார் உருகிப்போவார். அக்காவின் வேலையைக் கூடவே இருந்து பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடுமே என்ற கூச்சம்தான்.

அந்த அக்கா இன்றைக்கு விடுப்பு. மகளைக் கல்லூரி விடுதியில் சேர்க்கப் போயிருக்கிறார். நானே எண்ணிக்கொள்கிறேன், நீங்கள் நிம்மதியாகப் போய்வாருங்கள் என்று மார்தட்டி அனுப்பிவைத்தவர் மீதி சார்தான்.

ஆயிரத்து எண்பத்தாறு. ஆறை இரட்டித்தால் பன்னிரண்டு, நூற்றெட்டோடு கூட்டினால் நூற்றிருபது. பூஜ்யத்தை இரட்டித்தாலும் பூஜ்யம்தான், ஆகப் பன்னிரண்டு. எங்கே சுற்றினாலும் பத்தொன்பது வரவில்லை. காகிதத்தில் வகுத்துப் பார்த்தார். மூன்று மிஞ்சியது.

வெளியே மூடி போடுகிற அக்காவும் லேபிள் ஒட்டுகிற பெண்ணும் மூன்று மணி பஸ்ஸுக்காக இப்போதே கைப்பையைத் துடைத்து வைத்திருந்தார்கள். நாலு மணிக்கு வேன். வாங்குகிறவரும் வேறு யாரோ இல்லை, அன்றைக்குச் சரக்கைத் திருப்பி அனுப்பிய அதே மனிதர். மீதி சாருக்கு அந்தக் கிழிந்த கடிதம் தானாக ஒட்டிக்கொள்வதுபோல இருந்தது.

இன்னும் பதினாறு கிடைத்தால் ஒரு டின் நிறைந்துவிடும். வார்ப்புப் பகுதிக்கு ஓடினார். மெழுகு ஊற்றுகிறவர் அண்டாவைக் கிளறிக்கொண்டே, பதினாறெல்லாம் ஊற்ற முடியாது, அச்சில் இருபத்துநாலு குழி, எட்டுக் குழியைக் காலியாக விட்டால் அத்தனையும் கோணிக்கொண்டு வரும் என்றார். கெஞ்சியும் பார்த்தாயிற்று. கடைசியில் இருபத்துநாலும் வந்தது.

ஆயிரத்து நூற்றுப்பத்து. இப்போது மீதி எட்டு. மூன்று உதிரியை ஒழிக்கப் போனவர் எட்டு உதிரியோடு திரும்பியிருந்தார்.

எட்டைக் குறைக்க நியாயமான ஒரே வழி கழிவு நோட்டு. பட்டறையில் திரி கோணியது, அடி சப்பியது என்று எட்டுகூடவா இருக்காது? மூடி அக்காவையும் லேபிள் பெண்ணையும் உள்ளே கூப்பிட்டு, குறையுள்ளதை எடுத்து வைக்கச் சொன்னார். எத்தனை வேண்டும் என்று சொல்லாததுதான் அவர் செய்த தப்பு. இருவரும் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு பொறுக்கினார்கள். அவர் கையைக் காட்டி நிறுத்துவதற்குள் பதினொன்று ஆகிவிட்டது.

அதில் மூன்றைத் திரும்ப நல்லதாக்கிவிட முடியுமா என்று மீதி சார் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"கண்ணால பாத்த குறைய எப்படிண்ணே இல்லன்னு எழுதுறது?" என்றார் மூடி அக்கா.

நியாயம்தான். இந்த நேர்மையை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். பதினொன்றும் நோட்டில் ஏறியது. ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பது. மீதி பதினாறு. அதாவது ஒரு டின்னுக்கு மூன்று குறைவு.

மணி மூன்றைத் தாண்டியது. பஸ் போகிற சத்தம் கேட்டது. லேபிள் பெண் கைப்பையைத் தோளிலிருந்து கழற்றி ஆணியில் மாட்டினாள். அந்தச் சத்தம் மீதி சாரின் நெஞ்சில் விழுந்தது. ஒன்பது வருஷமாக இந்தப் பெண்களை நேரத்துக்கு வீட்டுக்கு அனுப்பியது தன் விதி என்று நினைத்திருந்தார். அனுப்பியது எண்ணுகிற அக்கா என்று இப்போதுதான் புரிந்தது. அவர் எத்தனை மணிக்கு வந்து, எத்தனை தடவை வார்ப்புக்கும் மேஜைக்கும் நடந்து, எதைக் கூட்டி எதைக் கழித்து இந்தக் கணக்கைச் சரிக்கட்டினாரோ. நினைக்க நினைக்க அவருக்குக் கண் கலங்கியது.

முதலாளியம்மாவின் அறையில் மாதிரிக்கு வைத்த சிவப்பு மெழுகுவர்த்திகள் இருந்தன. வேறு வழியில்லாமல் போய் நின்றார்.

"மூணு மெழுகுவர்த்தி வேணும்மா."

"ஏன், கரன்ட் போச்சா?"

"இல்லம்மா."

முதலாளியம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரை ஒரு பார்வை பார்த்தார். மெழுகுவர்த்திப் பட்டறையில் மெழுகுவர்த்தி கடன் கேட்டு வந்த முதல் ஆள் அவராகத்தான் இருக்கும். ஆனாலும் ஒன்றும் துருவாமல் எடுத்துக் கொடுத்தார்.

ஆயிரத்து நூற்றிரண்டு. இரண்டை இரட்டித்தால் நாலு, நூற்றுப்பத்தோடு கூட்டினால் நூற்றுப்பதினாலு. நாலை இரட்டித்தால் எட்டு, பதினொன்றோடு கூட்டினால் பத்தொன்பது. மீதி சார் நாற்காலியில் அப்படியே சாய்ந்து உட்கார்ந்தார். ஐம்பத்தெட்டு டின், உதிரி இல்லை. அடைக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்.

வெளியே மழை மேகம் கவிந்து இருட்டியிருந்தது, அந்த நேரம் பார்த்துக் கரன்ட் போனது.

அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்பி வந்தது. அதற்குள் ஐம்பத்தேழு டின் நிறைந்து ஐம்பத்தெட்டாவதும் முடிந்திருந்தது. அதைத் தூக்கிய மூடி அக்காவின் முகம் மாறியது. டின் கடகடவென்று ஆடியது. பதினெட்டுதான் இருந்தது.

மூன்று பேரும் மேஜைக்கு அடியில் தவழ்ந்து தேடினார்கள். மீதி சார் டின்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். வாசலில் வேன்காரர் ஹாரன் அடித்தார். அப்போதுதான் லேபிள் பெண் ஜன்னலோரம் போய் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"இருட்டுல லேபிள் நேரா ஒட்ட முடியலண்ணே. அதான் ஒண்ணு ஏத்திக்கிட்டேன்."

ஜன்னல் கட்டையில் அது பாதி உருகி நின்றுகொண்டிருந்தது. மீதி சாருக்குக் கோபம் வரவில்லை. வரவும் தெம்பில்லை. கழிவு நோட்டை எடுத்து, எண்ணிக்கை ஒன்று, காரணம் வெளிச்சம் என்று எழுதினார். பிறகு மறுபடியும் முதலாளியம்மா முன்னால் போய் நின்றார்.

"ஒரே ஒண்ணு வேணும்மா. கரன்ட் போச்சு."

"இதுலயாவது ஒரு நியாயம் இருக்கு" என்று எடுத்துக் கொடுத்த முதலாளியம்மா, கூடவே எழுந்து வந்தார். மீதி சார் மூன்று மிஞ்சியதிலிருந்து ஒன்று எரிந்ததுவரை எல்லாவற்றையும் நடந்துகொண்டே ஒப்பித்துவிட்டார். கடைசி டின்னில் கடைசி மெழுகுவர்த்தியை முதலாளியம்மாவே வைத்து மூடினார். மூலை முடுக்கெல்லாம் பார்த்தார். ஓர் உதிரி இல்லை.

வேன் நாலரைக்குக் கிளம்பியது. கடிதப் பேச்சையே முதலாளியம்மா எடுக்கவில்லை. பத்து வருஷமாக இந்தக் கவலையை நீங்கள் சுமந்ததால்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்றார். இரண்டு பெண்களையும் தன் காரிலேயே வீட்டில் விடுவதாகச் சொன்னார். மீதி சார் கைகூப்பி நன்றி சொன்னார்.

ஆனால் உண்மையில் அவர் நன்றி சொல்ல வேண்டிய ஆள் வேறு. அதைச் சொல்லாமல் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. காலியான மேஜைமுன் உட்கார்ந்து, எண்ணுகிற அக்காவுக்குப் போன் போட்டார்.

அக்கா சந்தோஷத்தில் இருந்தார். மகளுக்கு அறை கிடைத்துவிட்டதாம், நல்ல காற்றோட்டமாம். மீதி சார் அதையெல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"உங்களுக்கு நன்றி சொல்லத்தாம்மா பேசுறேன். இன்னைக்கு ஒரு நாள் அந்த மேஜையில நின்னதுல, உயிர் போயி உயிர் வந்துச்சு. ஒன்பது வருஷம் நீங்க எப்படிச் சமாளிச்சீங்களோ. இத்தனை நாளும் என் வேலைய காப்பாத்தினது நீங்கதான்."

"என்னண்ணே, பெரிய வார்த்தையெல்லாம் சொல்றீங்க? நான்தான் சொல்லணும். தெனமும் மூணு மணிக்கு விட்டீங்களே, அதனாலதானே பள்ளிக்கூட வாசல்ல நானே போயி நிக்க முடிஞ்சுது, பக்கத்துல உக்காந்து படிக்கவெக்க முடிஞ்சுது. இன்னைக்கு இவ இங்க நிக்கிறான்னா அது உங்களாலதான்."

மீதி சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இனி யார் வேலைக்கு வந்தாலும் இவர் முறையைத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று தீர்மானித்துப் பேனாவை எடுத்தார்.

"ஒண்ணு மட்டும் சொல்லிடுங்கம்மா, நான் எழுதிக்கிறேன். அத்தனை மெழுகுவர்த்திய ஒத்த ஆளா எண்ணி, ஒரு நாளும் மீதியே வராம எப்படி எண்ணுனீங்க?"

"மெழுகுவர்த்திய நான் எங்கண்ணே எண்ணுனேன்? டின்ன ரொப்பிட்டு, மிஞ்சுறத அண்டாவுலயே திரும்பப் போட்டுட்டு, டின்ன மட்டும் எண்ணிப் பத்தொன்பதால பெருக்கி உங்களுக்குச் சீட்டு எழுதுவேன்."